சிவப்பு விளக்குக் கேமராவும் மஞ்சள் விளக்கின் நியாயமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



சாலைச் சந்திப்புகளில் கம்பத்தின் மேல் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் பணிபுரிவது ஜொகூரில். எங்கள் பள்ளிப் பெற்றோர்களுள் பலர் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். இரு நாட்டுச் சாலை விதிகளுக்கும் நாள்தோறும் உட்பட்டு வாழ்பவர்கள். அவர்களிடையே சம்மன் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் மாறி மாறி வருவதைக் கேட்டிருக்கிறேன். "மஞ்சள் எரியும்போதுதானே சென்றேன், என்னை ஏன் பிடித்தது?" என்பது ஒன்று. "அந்தக் கேமரா உயிரைக் காக்க வைத்ததன்று, காசு பறிக்க வைத்தது" என்பது மற்றொன்று.

இவ்விரு கருத்துகளையும் வெறும் முணுமுணுப்பு என ஒதுக்கிவிட இயலாது. இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இதே கேள்விகள் பிற நாடுகளிலும் எழுந்து, சில இடங்களில் நீதிமன்றம் வரை சென்றிருப்பதை அறிந்தேன். அவ்வரலாறு எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றே: கேமரா பிடிப்பது சிவப்பை, ஆனால், அது நியாயமாகப் பிடித்ததா என்பது அதற்கு முந்திய மஞ்சளிலேயே முடிவாகிவிடுகிறது. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

விளக்கு வந்த கதை

சமிக்ஞை விளக்கு மகிழுந்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1868-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இலண்டன் மாநகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே, குதிரை வண்டிகளின் நெரிசலைக் கட்டுப்படுத்த முதல் சமிக்ஞைக் கம்பம் நடப்பட்டது. அதனை வடிவமைத்த ஜான் பீக் நைட் என்பவர் இரயில்வேத் துறையைச் சார்ந்தவர். பகலில் கைகாட்டி மரம் போன்ற கைகள் உயர்ந்து தாழ்ந்தன. இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள் வழிகாட்டின. காவலர் ஒருவர் அருகில் நின்று அதனை இயக்கினார். 1869 ஜனவரியில் எரிவாயு கசிந்து அது வெடித்தது. இயக்கிய காவலர் காயமுற்றார். அம்முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது.

பின்னர் 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் மின்சாரச் சமிக்ஞை விளக்கு நிறுவப்பட்டது. 1920-இல் டெட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ், நாற்புறமும் தெரியும்படி சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்று வண்ணங்களைக் கொண்ட விளக்கை அமைத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நில்", "செல்" என்னும் இரண்டு கட்டளைகள் மட்டும் இருந்தால், ஓடிவரும் வண்டி ஒரே கணத்தில் நின்றுவிட இயலாது. இரண்டுக்கும் நடுவே ஓட்டுநருக்குச் சிறிது அவகாசம் தேவைப்பட்டது. அந்த அவகாசத்தின் நிறமே மஞ்சள். அது ஓட்டுநருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதி எனலாம்.

பந்தய வீரர் கண்ட கருவி

விளக்கு வந்துவிட்டது, அதனை மீறுபவர்களும் வந்துவிட்டனர். ஒவ்வொரு சந்திப்பிலும் இரவு பகலாகக் காவலரை நிறுத்த எந்த நாட்டாலும் முடியாது. இக்குறையை நீக்கிய கருவி ஒரு காவல் துறையிடமிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வரவில்லை. விரைவாக வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து வந்தது.

அவர் பெயர் மௌரிட்ஸ் காட்சோனிடிஸ். டச்சுக்காரர். 1911-இல் நம் அண்டை நாடான இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், கோம்போங் என்னும் ஊரில் பிறந்தவர். 1953-ஆம் ஆண்டு மொண்டி கார்லோ ரேலி பந்தயத்தில் போர்ட் செபிர் வண்டியை ஓட்டி வெற்றி பெற்றவர். வளைவுகளில் தமது வேகத்தை இன்னும் கூட்டுவது எப்படி என்று அறிய, சாலையின் குறுக்கே இரப்பர் குழாய்களை இட்டு, வண்டியின் சக்கரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நேரத்தை அளக்கும் கருவியை உருவாக்கினார். வேகத்தைக் கூட்டுவதற்காகப் பிறந்த கருவி, வேகத்தைத் தடுப்பதற்குப் பயன்படலாயிற்று. 1958-இல் அவர் காட்சோமீட்டர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1960-களின் நடுப்பகுதியில் அக்குழாயுடன் கேமராவையும் சமிக்ஞை விளக்கையும் இணைத்துச் சிவப்பு விளக்குக் கேமராவை அந்நிறுவனம் உருவாக்கியது. தம் கருவியில் தாமே சிக்கிக்கொண்டதுண்டு என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1998-இல் அவர் மறைந்தார்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

குழாய்களின் இடத்தை நாளடைவில் கம்பிச் சுருள்கள் பிடித்தன. நிறுத்தக் கோட்டின் அருகே தார்ச்சாலையில் நீள்சதுரமாக வெட்டி மூடிய தடங்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றின் அடியில் மின்கம்பிச் சுருள் புதைந்திருக்கிறது. அதில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். உலோகத்தாலான வண்டி மேலே வந்தவுடன் சுருளின் மின்காந்த நிலை மாறுகிறது. அம்மாற்றத்தை வைத்து வண்டி வந்ததைக் கருவி உணர்கிறது. அடுத்தடுத்து இரண்டு சுருள்கள் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய எடுத்த நேரத்தைக் கொண்டு வேகத்தையும் கணக்கிட்டுவிடும். புதிய கருவிகள் பலவற்றில் சுருளுக்கு மாற்றாக ரேடாரோ காணொளியோ இப்பணியைச் செய்கின்றது.

இக்கருவி விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். பச்சையிலும் மஞ்சளிலும் அது உறங்குகிறது. சிவப்பு எரிந்த பின்னரே விழிக்கிறது. பல நாடுகளில் சிவப்பு எரிந்த பிறகும் ஒரு நொடிக்கும் குறைவான சலுகை நேரம் வழங்கப்படுகிறது. அதன் பின்னர் ஒரு வண்டி கோட்டைத் தாண்டினால் கேமரா இரண்டு படங்களை எடுக்கிறது. முதற்படத்தில் சிவப்பு விளக்கும் நிறுத்தக் கோட்டருகே வண்டியும் தெரியும். இரண்டாம் படத்தில் அதே வண்டி சந்திப்பின் நடுவே இருப்பது தெரியும். தேதி, நேரம், சிவப்பு எரிந்து எத்தனை நொடி கடந்தது என்பவை படத்திலேயே பதிவாகும்.

இவ்விரண்டு படங்களின் தேவையை உணர்ந்தால் சம்மன் எப்போது வரும், எப்போது வராது என்பது தெளிவாகிவிடும்.

1. மஞ்சளில் கோட்டைத் தாண்டிச் சந்திப்பினுள் இருக்கும்போது சிவப்பு எரிந்தால், கருவி அதனைக் குற்றமாகப் பதிவு செய்வதில்லை. கோட்டைத் தாண்டிய கணமே கணக்கு.

2. சிவப்பு எரிந்தபின் கோட்டைச் சற்றே தாண்டி நின்றுவிட்டால் கேமரா மின்னக்கூடும். ஆயினும், இரண்டாம் படத்தில் வண்டி அசையாமல் நிற்பது தெரிந்தால் அது சந்திப்பைக் கடக்கவில்லை என்பது விளங்கிவிடும். கோட்டைத் தாண்டி நிற்பதும் தவறுதான் என்பதை மறத்தல் கூடாது. அங்கேதான் பாதசாரிகளின் கடவை இருக்கிறது.

3. நேராகச் செல்ல பச்சை எரிந்தாலும், வலப்புறம் திரும்பும் அம்புக்குறி சிவப்பாக இருக்கும்போது திரும்பினால் அதுவும் மீறலே.

4. மின்னல் ஒளி கண்டவுடன் சம்மன் உறுதி என எண்ண வேண்டியதில்லை. படத்தை அதிகாரி ஒருவர் பார்த்து உறுதி செய்த பின்னரே அறிவிப்பு அனுப்பப்படுவது வழக்கம்.

5. படத்தில் பதிவாவது வண்டியின் பதிவெண். ஆதலால் கடிதம் உரிமையாளருக்கே வரும். வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரிவிக்கும் பொறுப்பும் அவரையே சாரும். பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் வண்டியை இரவல் கொடுப்போர் இதனை நினைவில் கொள்க.

மஞ்சளின் கணக்கு

இனி முதற்கேள்விக்கு வருவோம். மஞ்சளில் சென்றவர் எவ்வாறு சிவப்பில் சிக்குகிறார்?

மஞ்சள் என்றால் "விரைந்து செல்" என்பது பொருளன்று. பாதுகாப்பாக நிற்க இயலாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவரைத் தவிர மற்றவர் நிற்க வேண்டும் என்பதே இரு நாட்டு விதியும் ஆகும். ஆனால், அந்த "நெருக்கம்" எவ்வளவு? இதனை 1960-ஆம் ஆண்டில் டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்சி மரடூடின் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதன் சாரத்தை நம் ஆறாம் ஆண்டு மாணவரும் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மஞ்சளைக் கண்டு ஓட்டுநர் காலை பிரேக்கின்மேல் வைக்க ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். அதற்குள் 17 மீட்டர் போய்விட்டது. பிறகு பயணிகள் முன்னே சாயாமல் இதமாக நிறுத்த ஏறத்தாழ 46 மீட்டர் வேண்டும். ஆகமொத்தம் 63 மீட்டர். இப்போது மஞ்சள் விளக்கு 3 நொடி மட்டுமே எரிகிறது என வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் சென்றால் 3 நொடியில் 50 மீட்டர்தான் கடக்க முடியும்.

மஞ்சள் எரியும் கணத்தில் கோட்டிலிருந்து 55 மீட்டர் தொலைவில் இருக்கும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். நிற்க வேண்டுமானால் அவருக்கு 63 மீட்டர் தேவை, இல்லை. செல்ல வேண்டுமானால் 50 மீட்டருக்குள் இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. சட்டத்திற்குக் கட்டுப்பட்டு ஓட்டியும், அவர் எதைச் செய்தாலும் தவறாகிவிடும் ஒரு பகுதி சாலையில் உருவாகிறது. இதனை அறிஞர்கள் இருதலைக் கொள்ளிப் பகுதி என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். மஞ்சளை 3.8 நொடியாக நீட்டினால் அப்பகுதி மறைந்துவிடுகிறது. முக்கால் நொடிக்கும் சற்றே மிகுந்த அந்த நேரந்தான் நேர்மையான ஓட்டுநரையும் விதிமீறியவரையும் பிரித்துக் காட்டுகிறது!

ஆகவே, "மஞ்சளில்தானே சென்றேன்" என்பவர்களுள் இரு வகையினர் உளர். 100 மீட்டருக்கு அப்பால் மஞ்சளைக் கண்டு வேகத்தைக் கூட்டியவர் ஒரு வகை. அவருக்குச் சம்மன் தகும். குறுகிய மஞ்சளில் மாட்டிக்கொண்டவர் மற்றொரு வகை. கேமராவின் கண்ணுக்கு இருவரும் ஒன்றே.

நம்பிக்கை தளர்ந்த இடங்கள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1993-இல் சிவப்பு விளக்குக் கேமராவைப் பயன்படுத்தத் தொடங்கியது. சிகாகோ நகரம் 2003-இல் தொடங்கியது. சிகாகோவில் நடந்தவை ஒரு பாடம். கேமராக்களை வழங்கிய நிறுவனத்திடமிருந்து கையூட்டுப் பெற்றதற்காக நகராட்சி அதிகாரி ஜான் பில்ஸ் என்பவருக்கு 2016-இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன், 2014-இல், குறைந்தது 3 நொடி இருக்க வேண்டிய மஞ்சள் 2.9 நொடியாகப் பதிவான நிலையிலும் ஏறத்தாழ 77,000 அபராதச் சீட்டுகள் அனுப்பப்பட்டதை அந்நகரின் தலைமை ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அவற்றின் மதிப்பு 77 இலட்சம் டாலர். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு!

ஒரெகன் மாநிலத்தில் வாழ்ந்த மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டுக்காரரின் கதை வேறுவகை. 2013-இல் அவர் மனைவிக்குச் சிவப்பு விளக்குக் கேமராவினால் அபராதம் வந்தது. அவர் கோபத்தோடு நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். 1960-ஆம் ஆண்டுச் சூத்திரம் நேராகச் செல்லும் வண்டிக்கே பொருந்தும் என்றும், திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்கு மஞ்சள் போதவில்லை என்றும் கண்டார். அதனை எடுத்துரைத்தபோது, உரிமம் இன்றித் தம்மைப் பொறியாளர் எனக் கூறிக்கொண்டார் என்று மாநிலப் பொறியாளர் வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. அவர் நீதிமன்றம் சென்றார். 2018-இல் தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. 2020-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகம், திரும்பும் வண்டிகளையும் கணக்கில் கொண்டு மஞ்சளுக்கான தன் வழிகாட்டியைத் திருத்தியது. கேள்வி கேட்பதும் கல்வியின் பயனே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

அப்படியாயின் கேமராவே வேண்டாமா? அவ்வாறும் கூற இயலாது. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, கேமரா உள்ள சந்திப்புகளில் பக்கவாட்டில் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்ததாகவும், திடீரென நிறுத்துவதால் பின்னால் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியதாகவும் கூறியது. பக்கவாட்டு மோதலே பெரும்பாலும் உயிரைக் குடிப்பது. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஹியூஸ்டன் நகர மக்கள் 2010-இல் வாக்களித்துக் கேமராக்களை அகற்றினர். அந்நகர விபத்துகளை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கேமராவால் மொத்த விபத்துகள் குறைந்தன என்பதற்குச் சான்று இல்லை என்றது. கருவி தனியே நின்று காப்பதில்லை; மஞ்சளின் நேரமும் சந்திப்பின் அமைப்பும் துணை நின்றால்தான் காக்கும் என்று இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் சிவப்பு விளக்குக் கேமரா 1986-லேயே வந்துவிட்டது. சிவப்பு விளக்கை மீறினால் 12 குற்றப்புள்ளிகள் வழங்கப்படும். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டும் உரிமம் இடைநிறுத்தப்படும் என்பதால், ஒரே மீறலில் பாதித் தொலைவு போய்விடுகிறது. 2019 ஏப்ரல் முதல் இலகு வாகனங்களுக்கான அபராதம் 200 வெள்ளியிலிருந்து 400 வெள்ளியாகவும், கனரக வாகனங்களுக்கு 230-இலிருந்து 500 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் இக்கேமராக்களில் வேகத்தைக் கண்டறியும் பணியும் படிப்படியாகச் செயல்படுத்தப்பட்டது. பச்சை எரியும்போதும் வேகவரம்பை மீறினால் இவை பிடிக்கும். பாலத்தைக் கடந்து செல்லும் பெற்றோர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. 2012 மே 12 அதிகாலையில், சிங்கப்பூரின் விக்டோரியா சாலையும் ரோச்சோர் சாலையும் சந்திக்கும் இடத்தில், சிவப்பு விளக்கை மீறிப் பாய்ந்த பெராரி வண்டி ஒரு டாக்சியின் மீது மோதியது. டாக்சி ஓட்டுநர், அதில் இருந்த பயணி, பெராரியை ஓட்டியவர் என மூவர் மாண்டனர். அந்த டாக்சி ஓட்டுநர் செய்த பிழை எதுவும் இல்லை. பச்சை விளக்கை நம்பியதைத் தவிர.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் மலேசியாவில் ஏஇஎஸ் எனப்படும் தானியங்கி அமலாக்க முறை தொடங்கப்பட்டது. வேகத்திற்கும் சிவப்பு விளக்கிற்குமாக மொத்தம் 831 கேமராக்கள் திட்டமிடப்பட்டன. அபராதம் 300 ரிங்கிட். இரண்டு தனியார் நிறுவனங்கள் அதனை நடத்தின. வசூலாகும் தொகையில் அவற்றிற்குப் பங்கு உண்டு என்பது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஏஇஎஸ் வழக்குகளை நிறுத்திவைக்குமாறு சட்டத்துறைத் தலைவர் உத்தரவிட்டார். பிறகு 2017 ஏப்ரலில் அம்முறை கெஜாரா புள்ளி முறையுடன் இணைக்கப்பட்டு அவாஸ் என்னும் பெயர் பெற்றது. சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளிகள். 2018-இல் அதனை நடத்தும் பொறுப்பு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-இடம் சென்றது.

இவ்விரு நாட்டு வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைக்கிறது. தண்டனை கடுமையாக இருப்பதால் மட்டும் மக்கள் எதிர்ப்பதில்லை. தண்டிப்பவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது என்ற ஐயம் எழும்போதுதான் எதிர்க்கின்றனர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. வகுப்பில் விதி ஒன்றை வகுக்கும்போது முன்கூட்டியே அறிவித்து, போதிய அவகாசம் தந்து, எல்லாருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்தினால் மிகுந்த குறும்புக்கார மாணவனும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறான். அவகாசம் தராமல் தண்டித்தால் நல்ல மாணவனும் மனம் கசந்துவிடுகிறான். மஞ்சள் விளக்கு என்பது அந்த அவகாசமே.

ஆகவே என் கருத்து இதுதான். மஞ்சளின் நேரம் எத்தனை நொடி, அபராதத் தொகை எங்கே செல்கிறது என்று அதிகாரிகளிடம் கேட்பது நம் உரிமை. அதற்கு அவர்கள் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால், விடை வரும்வரை சிவப்பில் செல்லலாம் என்பது அதன் பொருளன்று. தொலைவில் பச்சை நெடுநேரமாக எரிவதைக் கண்டால் வேகத்தைத் தணித்துக்கொள்வோம். மஞ்சள் தோன்றினால் நிற்க முடிந்தவர் நிற்போம். இக்கணக்கைக் கணிதப் பாடத்திலும் நன்னெறிப் பாடத்திலும் நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். இன்று பின்னிருக்கையில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே இன்னும் பத்தாண்டுகளில் வண்டி ஓட்டப் போகிறவர்கள். நாம் எந்த நிறத்தில் நின்றோம் என்பதை அவர்கள் எந்தக் கேமராவையும்விட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.